நிற்க இடமில்லாத ஊர்

சில மாதங்களுக்கு முன்னால் நெப்டியூனில் நடக்கும் ஒரு கதை எழுதினேன். விண்கலம் பழுதாகித் தனியாக மாட்டிக்கொண்ட ஒருத்தி, உதவி வரும்வரை பனியில் நடந்துகொண்டே இருக்கிறாள். நடக்க நடக்க அம்மாவை நினைத்துக்கொள்கிறாள். நல்ல கதை என்றுதான் நம்பியிருந்தேன். நண்பர்கள் கூடும் வாசிப்புச் சந்திப்பில் படித்தும் காட்டினேன். இரண்டாவது பத்தி முடிவதற்குள் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கையைத் தூக்கினார்.

“அண்ணே, அவங்க எதுமேல நடக்கிறாங்க?”

“பனிமேலதான்.”

“அங்க பனியும் இல்ல, தரையும் இல்லண்ணே.”

நெப்டியூனைப் பனிப் பெருங்கோள் என்று எங்கோ வாசித்து, பனிப்பாறையைக் கற்பனை செய்துவிட்டேன். அந்தப் ‘பனி’ உண்மையில் நீரும் அமோனியாவும் மீத்தேனும் பயங்கரமான அழுத்தத்தில், ஆயிரக்கணக்கான பாகை வெப்பத்தில் கிடக்கும் அடர்ந்த திரவம். அதற்கு மேலே முழுக்க வாயு. என் நாயகி நடந்திருக்க முடியாது. விழுந்துகொண்டே இருந்திருப்பாள்.

அன்றைக்கு நாங்கள் பேச வைத்திருந்த இன்னொரு கதை, ஆர்தர் சி. கிளார்க் எழுதிய ‘எ மீட்டிங் வித் மெடூசா’. வியாழனின் மேகங்களில் மிதந்து வாழும் உயிர்களைப் பற்றிய குறுநாவல். தம்பி அதையும் விடவில்லை. “இதுவும் அதே கேஸ்தான்ணே. நிக்கவே இடமில்லாத ஊர்ல எது பொழைக்கும்?” எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

வீட்டுக்கு வந்தபிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குளிர்ந்த வாயுக்கோளில் உயிர் பிழைக்க முடியுமா என்பது ஒன்று. முடியாது என்றால் அங்கே நடக்கும் கதை செத்துவிடுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குத் தெரிந்தவரை பதில் தேடினேன். இரண்டாவதுக்காக, வாயுக்கோள்களைப் பற்றிய நான்கு படைப்புகளைத் திரும்ப வாசித்தேன். அறிவியல் சரியா தவறா என்பதை வைத்து இந்தக் கதைகளைப் பிரிக்க முடியவில்லை. தரை இல்லாததை ஒரு குறையாகப் பார்க்கிறார்களா, அல்லது அதையும் ஓர் ஊராக ஏற்றுக்கொள்கிறார்களா என்பதில்தான் அவை பிரிகின்றன.

*

முதலில் அந்த ஊர் எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

வியாழனுக்குக் கிடைக்கும் சூரிய ஒளி நமக்குக் கிடைப்பதில் சுமார் 4 விழுக்காடுதான். பூமியின் கடல்மட்ட அழுத்தம் இருக்கும் உயரத்தில் அங்கே வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 108 பாகை செல்சியஸ். குளிர்ந்த கோள் என்பது இதனால்தான். ஆனால் அந்தக் குளிர் மேல்தோலில் மட்டும். வியாழன் உருவான காலத்து வெப்பத்தை இன்னும் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. சூரியனிடமிருந்து வாங்குவதைவிட அதிகமாகவே வெளியிடுகிறது. எனவே கீழே இறங்க இறங்கச் சூடு ஏறும். மேலே அமோனியா மேகங்கள், இன்னும் இறங்கினால் நீர் மேகங்கள். அழுத்தம் நம்முடையதைப்போல் ஐந்தாறு மடங்கு ஆகும்போது நீர் உறையும் நிலையைத் தாண்டுகிறோம். அதற்குக் கொஞ்சம் கீழே நம் வீட்டு வரவேற்பறை வெப்பம். அதற்கும் கீழே அடுப்பு.

இதை நேரில் அனுபவித்த கருவி ஒன்று உண்டு. 1995 டிசம்பர் 7 அன்று கலிலியோ விண்கலத்திலிருந்து பிரிந்த ஆய்வுக்கலம் வியாழனுக்குள் விழுந்தது. ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாகவே தகவல் அனுப்பியது. கடைசியில் அழுத்தம் பூமியைப்போல் 20 மடங்குக்கு மேல், வெப்பம் 150 பாகை. பிறகு மௌனம். அது விழுந்த இடம் தற்செயலாக ஒரு வறண்ட பகுதி. எதிர்பார்த்த தடித்த நீர் மேகங்கள் கண்ணில் படவில்லை. “பாத்தியா, தண்ணியே இல்ல” என்று சொல்ல அது வசதியாகப் போய்விட்டது. பின்னால் ஜூனோ விண்கலத்தின் தரவுகளை வைத்து 2020இல் வந்த கணக்கு, நடுக்கோட்டுப் பகுதியில் வளிமண்டல மூலக்கூறுகளில் சுமார் 0.25 விழுக்காடு நீர் என்றது. சகாராவில் இறங்கிவிட்டுப் பூமியே பாலைவனம் என்று முடிவு கட்டுவதைப்போன்ற தவறைச் செய்யப் பார்த்தோம்.

2021இல் வந்த இன்னொரு ஆய்வு மேகத்துளிகளில் நீர் எவ்வளவு ‘கிடைக்கும்படி’ இருக்கிறது என்று கணக்கிட்டது. வெள்ளிக் கோளின் கந்தக அமில மேகங்களில் நமக்குத் தெரிந்த எந்த நுண்ணுயிரும் வாழ முடியாத அளவுக்கு அது குறைவு. வியாழனிலோ, பொருத்தமான வெப்பநிலை நிலவும் அடுக்கில், உயிருக்குப் போதுமான அளவு இருக்கிறது. 2020இல் நடந்த ஓர் ஆய்வகச் சோதனையில் ஈ.கோலை பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் முழுக்க ஹைட்ரஜன் நிறைந்த சூழலில் வளர்ந்து காட்டின. ஆக, மூச்சு முட்டிச் சாகும் என்றும் சொல்ல முடியாது.

பிறகு என்னதான் பிரச்சினை? இருப்பதுதான் பிரச்சினை. ஒரே உயரத்தில் இருப்பது.

வியாழனின் காற்று நிற்காமல் மேலும் கீழும் புரள்கிறது. இன்று இதமான அடுக்கில் இருக்கும் துளி ஒரு காலத்தில் கீழே இழுக்கப்பட்டு வெந்துபோகும். அங்கே ஓர் உயிர் வாழ வேண்டுமானால் விழாமல் மிதக்க வேண்டும், அல்லது விழுவதற்குள் பிள்ளை பெற்றுவிட வேண்டும். 1976இல் கார்ல் சேகனும் எட்வின் சால்பீட்டரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை இந்த இரண்டு வழிகளையும் எடுத்துக்கொண்டு ஒரு முழு வாழ்க்கைச் சூழலையே வரைந்தது. விழுந்துகொண்டே பெருகும் நுண்ணிய மூழ்கிகள், பெரும் பைகளாக மிதப்பவை, அவற்றைத் துரத்தும் வேட்டையாடிகள், ஆழத்தில் மிச்சம் பொறுக்குபவை. இது கதையல்ல, வானியற்பியல் இதழில் சமன்பாடுகளோடு வந்த கட்டுரை.

மிதப்பது எவ்வளவு கஷ்டம் என்று நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமியில் பலூன் ஏறுவது, காற்றைவிட லேசான வாயுவை உள்ளே அடைப்பதால். வியாழனின் காற்றே ஹைட்ரஜனும் ஹீலியமும்தான். அதைவிட லேசாக எதை அடைப்பது? ஹீலியத்தை வெளியே தள்ளி வெறும் ஹைட்ரஜனை வைத்துக்கொள்ளலாம், அல்லது உள்ளே இருப்பதைச் சூடாக்கலாம். முதல் வழியில், நீர் மேகங்கள் இருக்கும் ஆழத்தில், ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் தூக்குவது சுமார் 60 கிராம். நம் ஊரில் ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறக்குறைய 1 கிலோ தூக்கும். என் நாயகியின் எடை 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், அவளை மட்டும் தாங்கவே 1000 கன மீட்டர் பை வேண்டும். ஒரு மூன்று மாடிக் கடைவீட்டின் அளவு. பையின் எடையை இன்னும் சேர்க்கவில்லை.

பை பெரிதாகும்போது தோலின் பரப்பைவிட உள்ளே இருக்கும் கொள்ளளவு வேகமாகக் கூடும். ஆகவே அங்கே மிதக்கும் உயிர் பெரிதாக இருப்பதுதான் சிக்கனம். கிளார்க்கின் மெடூசா கிலோமீட்டர் கணக்கில் அகலமாக இருப்பது வாசகரை மிரட்டுவதற்காக அல்ல. அந்த ஊரில் பிழைக்க அதுதான் கணக்கு.

தம்பிக்கு என் பதில் இதுதான்: பிழைத்திருப்பது முடியாத காரியமல்ல, தோன்றுவதுதான் சந்தேகம். 1953இல் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அமோனியா, ஹைட்ரஜன், நீராவிக் கலவையில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றார். இந்த நான்கும் வியாழனில் உண்டு, மின்னலும் உண்டு. ஆனால் மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து உயிராக வேண்டுமானால் ஒரு குட்டையோ பாறை இடுக்கோ களிமண் பரப்போ வேண்டும் என்றே பெரும்பாலான கருதுகோள்கள் சொல்கின்றன. ஒட்டிக்கொள்ள ஓர் இடம். கடைசியில் அறிவியலும் தரையைத்தான் கேட்கிறது.

*

கிளிஃபர்ட் டி. சிமாக்கின் ‘டெஸர்ஷன்’ 1944இல் வெளியானது. பிறகு ‘சிட்டி’ நூலில் சேர்ந்தது. அதில் வியாழனுக்குத் தரை உண்டு. அமோனியா மழை பெய்கிறது, மனிதர்கள் குவிமாடத்துக்குள் வாழ்கிறார்கள். இன்றைய அறிவியல்படி அந்தக் குவிமாடத்தை நட்டு வைக்க இடமே கிடையாது. தம்பியின் அளவுகோலால் அளந்தால் முதல் பக்கத்திலேயே கதை முடிந்தது.

ஆனால் கதை முடியவில்லை. மனித உடலோடு வெளியே போக முடியாது என்பதால், ஆட்களை அங்கேயே வாழும் ஒரு விலங்கின் உடலுக்கு மாற்றி அனுப்புகிறார்கள். போனவர்கள் திரும்பி வருவதில்லை. ஒருவர் பின் ஒருவராக ஆட்களை அனுப்பிய அதிகாரி ஃபவ்லர், இனி யாரையும் அனுப்ப மனமில்லாமல் தானே போகிறார். கூடவே தன் கிழட்டு நாய் டவ்சரையும் கூட்டிப்போகிறார். வெளியே போனதும்தான் அவருக்குத் தெரிகிறது, போனவர்கள் சாகவில்லை என்று. அந்த உடலில் அந்த ஊர் அவ்வளவு அழகு. நாயோடு பேச முடிகிறது. பழைய உடம்பு ஒரு நோய்போல் தோன்றுகிறது. அவர்களும் திரும்பப் போவதில்லை.

சிமாக்கின் வியாழன் தவறானது, கேள்வி சரியானது. ‘அங்கே உயிர் பிழைக்குமா’ என்று நாம் கேட்கும்போது ‘நம்மைப்போன்ற உயிர்’ என்று மனதுக்குள் சேர்த்துக்கொள்கிறோம். சிமாக் அந்த ஒட்டைப் பிய்த்து எடுக்கிறார். ஊர் கொடுமையானதல்ல, உடல்தான் பொருந்தவில்லை. 1944இல், உலகப்போரின் நடுவில், மனித உடலையும் மனித நிர்வாகத்தையும் விட்டுவிட்டுப் போவதை விடுதலையாக எழுதியிருக்கிறார் என்பதையும் சேர்த்து வாசித்தால் கதையின் கனம் கூடுகிறது. தவறான அறிவியலால் கதை சாவதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இது.

அப்படியானால் என் நெப்டியூன் கதையும் தப்பித்ததா? இல்லை. சிமாக் தன் காலத்தில் தெரிந்ததை வைத்துக்கொண்டு அந்த ஊரைப் பற்றி யோசித்தார். நான் யோசிக்கவே இல்லை. என் நாயகி ஆர்க்டிக்கில் நடந்திருந்தாலும், கேமரன் மலையில் நடந்திருந்தாலும் கதை மாறியிருக்காது.

*

கிளார்க்கின் குறுநாவல் 1971இல் வந்தது. சேகனும் சால்பீட்டரும் எழுதிய கட்டுரைக்கு ஐந்து ஆண்டுகள் முந்தியது. ஹோவர்ட் ஃபால்கன் என்னும் விமானி, சூடான ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் தொங்கும் ‘கோன்-டிக்கி’ கலத்தில் வியாழனுக்குள் இறங்குகிறான். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். இறங்குகிறான், பார்க்கிறான், தப்பிக்கிறான்.

இதை மூன்றாவது தடவை வாசித்தபோது நமக்குப் பழகிய ஒரு சட்டகம் நினைவுக்கு வந்தது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அங்கே வாழும் விலங்கும் மரமும் தொழிலும் கருப்பொருள். நிலத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? கிளார்க் அதைத்தான் எழுதியிருக்கிறார் என்று தோன்றியது. அவரிடம் நிலம் இல்லை, அதன் இடத்தில் உயரம் இருக்கிறது. ஒவ்வோர் உயரத்துக்கும் ஒரு நிறம், ஒரு வெப்பம், ஒரு மேகம். குறிப்பிட்ட உயரம் வந்தபிறகுதான் உயிர்கள் தென்படுகின்றன. பொழுது இருக்கிறது, ஆனால் வேறு பொழுது. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. ஃபால்கன் சற்றே கண்ணயர்ந்தால் ஓர் இரவே கழிந்துவிடும். அந்த அவசரமான அந்தியும் விடியலும் கதைக்கு ஒரு மூச்சுமுட்டலைக் கொடுக்கின்றன.

கருப்பொருளை அவர் கடலிலிருந்து எடுத்துக்கொண்டார். மெடூசா ஒரு ஜெல்லி மீன். அதைத் தாக்குபவை திருக்கைகள். மேகத்தில் சுழலும் ஒளிச்சக்கரங்களுக்கு, பாரசீக வளைகுடாவில் மாலுமிகள் கண்ட கடல் ஒளிர்வை ஒப்பாகச் சொல்கிறார். கிளார்க் 1956இலிருந்து 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர், முக்குளிப்பில் பைத்தியமாக இருந்தவர். கடலில் முக்குளிப்பவனுக்குத் தரை முக்கியமில்லை, ஆழம்தான் முக்கியம். எந்த ஆழத்தில் எது வாழும், எவ்வளவு நேரம் அங்கே இருக்கலாம், எப்போது மேலே வரவேண்டும். அவருடைய வியாழன் நம்பும்படி இருப்பதற்கு அவருடைய இயற்பியல் மட்டுமல்ல, இந்துமாக்கடலும் காரணம் என்று நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. கட்டுப்பாட்டு மையத்தில் உட்கார்ந்திருக்கும் உயிரியலாளர் பிரென்னர், ஃபால்கன் பார்ப்பதற்கெல்லாம் உடனுக்குடன் விளக்கம் கொடுக்கிறார். வாசகரை வியக்க விட்டுவிட்டு அடுத்த வரியிலேயே பாடம் நடத்தத் தொடங்குவது கிளார்க்கின் பழைய வியாதி. வெளியே இருந்து எழுதப்பட்ட உயிர்களும்தான் அவை; மெடூசாவுக்கு என்ன தோன்றியது என்று நமக்குத் தெரியவே தெரியாது.

ஆனாலும் ஒரு முக்கியமான இடம் இருக்கிறது. மெடூசா ஃபால்கனின் கலத்தை நெருங்கி உணர்கொம்பால் தொடும்போது அவனுக்கு ஒரு விதி நினைவூட்டப்படுகிறது. அறிவுள்ள உயிராக இருக்கக்கூடும் என்றால் அதற்குத் தீங்கு செய்யக்கூடாது. அறிவுள்ளதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதாலேயே விதி பொருந்துகிறது. அவன் ஓடித்தான் தப்பிக்கிறான். கதையின் முடிவில்தான் ஃபால்கனின் உடலே விபத்துக்குப் பிறகு பெரும்பாலும் இயந்திரமாகிவிட்டது என்று முழுதாகத் தெரிகிறது. மனிதர்களின் தரையில் அவனுக்கும் சரியான இடம் இல்லை. அந்த ஊரை அவன் மரியாதையோடு பார்த்தது ஏன் என்று அப்போது புரிகிறது.

*

இனி சங்கடமான விஷயம். இதே கிளார்க் 1982இல் ‘2010: ஒடிஸி டூ’ நாவலை எழுதினார். அதிலும் வியாழனின் மேகங்களில் மிதக்கும் உயிர்கள் உண்டு. திரைப்படத்தில் அவை இல்லை என்பதால் பலருக்குத் தெரியாது. அதே நாவலில் வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனிக்கட்டிக்குக் கீழே, கடலடியில், வேறு உயிர்கள் இருக்கின்றன. விண்வெளியின் மூத்த அறிவுகள் இரண்டையும் எடைபோடுகின்றன. யூரோப்பாவின் உயிர்களுக்கு எதிர்காலம் இருக்கிறது, ஆனால் அவற்றுக்கு வெளிச்சமும் வெப்பமும் வேண்டும். வியாழனின் உயிர்கள் திடப்பொருளே இல்லாத இடத்தில், தீ மூட்ட வழியின்றி வாழ்பவை. அவற்றுக்குக் கற்காலம்கூட வராது. எனவே வியாழன் நொறுக்கப்பட்டு இன்னொரு சூரியனாகிறது. மேகத்தில் மிதந்தவை எரிந்துபோகின்றன.

முதல் தடவை வாசித்தபோது இந்த இடத்தை நான் கவனிக்காமலே தாண்டிப்போயிருக்கிறேன். அதுதான் இப்போது என்னைச் சங்கடப்படுத்துகிறது. புதிய சூரியன் உதிக்கும் காட்சி அவ்வளவு பிரம்மாண்டமாக எழுதப்பட்டிருக்கிறது, அழிந்ததைப் பற்றித் துக்கப்பட வாசகருக்கு நேரம் கிடைப்பதில்லை. 1971இல் ‘தெரியாது, ஆகவே தொடாதே’ என்று சொன்ன எழுத்தாளர் 1982இல் ‘வளராது, ஆகவே போகட்டும்’ என்ற தர்க்கத்தைக் கதைக்குள் நடமாட விடுகிறார். அந்தத் தீர்ப்பை வழங்குவது கிளார்க் அல்ல, அவர் படைத்த மூத்த அறிவுகள்தான் என்று வாதாடலாம். ஆனால் நாவல் அந்தத் தீர்ப்பை எங்கேயும் நின்று கேள்வி கேட்பதில்லை. கருவி செய்யத் தெரியாதவர்கள், தீயில்லாதவர்கள், வரலாறு இல்லாதவர்கள், அவர்கள் இருந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். இந்த வாக்கியத்தை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். காடுகளை அழித்துத் தோட்டம் போட்ட மண்ணில் வளர்ந்த நமக்கு, அந்தக் காட்டில் யார் இருந்தார்கள் என்று நம் கதைகள் எத்தனை முறை கேட்டிருக்கின்றன என்பதும் சேர்த்தே உறுத்தவேண்டும்.

நிஜத்திலும் இதற்கு ஓர் எதிரொலி உண்டு. கலிலியோ விண்கலத்தின் எரிபொருள் தீரும் நிலையில், அது தவறி யூரோப்பாவில் மோதி, தன்னில் ஒட்டியிருக்கக்கூடிய பூமியின் நுண்ணுயிர்களை அங்கே கொண்டுசேர்த்துவிடக்கூடாது என்பதற்காக, 2003 செப்டம்பர் 21 அன்று வேண்டுமென்றே வியாழனுக்குள் விழவைத்தார்கள். 2017 செப்டம்பர் 15 அன்று கசினியைச் சனிக்குள் விழவைத்ததும் டைட்டனையும் என்செலடசையும் காப்பாற்றத்தான். நியாயமாகச் சொன்னால் இது நாவலில் நடந்ததைப் போன்றதல்ல. அந்த வேகத்தில் நுழையும் கலம் எரிந்து ஆவியாகிவிடும், எதுவும் தொற்றாது. சரியான முடிவுதான். ஆனாலும் எந்த இடத்தைப் புனிதமாக வைப்பது, எந்த இடத்தைச் சுடுகாடாக வைப்பது என்று தேர்ந்தெடுக்கவேண்டி வந்தபோது, இரண்டு தடவையும் நம் கை தரை இருக்கும் பக்கம்தான் சாய்ந்தது.

*

நான்காவது, இயன் எம். பேங்க்ஸ் 2004இல் எழுதிய ‘தி அல்ஜிப்ரைஸ்ட்’. கிளார்க்கின் தர்க்கத்தைத் தலைகீழாகப் புரட்டிப்போடும் நாவல். இதில் வாயுக்கோள்களில் வாழும் ‘ட்வெல்லர்’ இனம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறது. அவர்களுடைய பார்வையில் பாறைக்கோள்களில் வாழும் நாம்தான் வேகமாகத் தோன்றி வேகமாக மறையும் பூச்சிகள். பேரரசுகள் வரும், போகும். அவர்கள் மேகத்தில் மிதந்துகொண்டு விருந்து, வேட்டை, வீண்பேச்சு என்று இருப்பார்கள். தங்கள் சொந்தக் குட்டிகளையே வேட்டையாடுவார்கள். தரை இல்லாததால் வரலாறு இல்லை என்ற வாதத்துக்கு, வரலாறு அளவுக்கு அதிகமாகச் சேர்ந்து அதைப் பற்றிய அக்கறையே போய்விட்ட ஓர் இனத்தைப் பதிலாக வைக்கிறார்.

வாசிக்கச் சிரிப்பு வரும். எனக்கு இருக்கும் குறை, அந்தச் சிரிப்பிலேயே அவர்கள் நமக்கு அதிகம் பழகிவிடுகிறார்கள் என்பது. ஒரு பழைய மன்றத்தில் உட்கார்ந்து அளக்கும் வசதியான கிழவர்கள்போல் ஆகிவிடுகிறார்கள். கிளார்க்கின் மெடூசாவிடம் இருக்கும் அந்நியம் இவர்களிடம் இல்லை. ஆனால் மெடூசாவுக்குக் கிடைக்காத ஒன்று இவர்களுக்குக் கிடைக்கிறது. பேச்சு. கூடவே, நம்மைப் பொருட்படுத்தாமல் இருக்கும் உரிமை.

*

தமிழில் அறிவியல் புனைகதை எழுத விரும்பும் நம்மைப்போன்றவர்களுக்கு இந்த நான்கு கதைகளிலிருந்தும் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. கோளின் பெயரை மாற்றினால் கதை மாறவில்லை என்றால், அந்தக் கோள் கதையில் இல்லை. என் கதை தோற்றது அங்கேதான். தகவல் பிழையை யாராவது திருத்திக் கொடுத்துவிடலாம். அந்த ஊரில் ஒரு நிமிடம்கூட வாழ்ந்து பார்க்காமல் எழுதியதை யாரும் திருத்திக் கொடுக்க முடியாது.

கதையைத் திருப்பி எழுத உட்கார்ந்தபோது மொழியே தடுக்கியது. அவள் நின்றாள் என்று எழுத முடியவில்லை. உட்கார்ந்தாள், கீழே வைத்தாள், எட்டி நடந்தாள் எதுவும் ஆகாது. ‘அங்கே வானிலை மோசமாக இருந்தது’ என்று எழுதிவிட்டு, வானிலையிலும் ‘நிலை’ இருப்பதைப் பார்த்து நிறுத்தினேன். நிலைமை, சூழ்நிலை, வெப்பநிலை எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. நிற்காத ஊரைச் சொல்ல நம்மிடம் இருக்கும் வினைகளைத் தேடினேன். மிதத்தல், தொங்குதல், ஆடுதல், அலைதல், இருத்தல். கொஞ்சம்தான், ஆனால் போதும்.

இப்போது அவள் மூன்று மாடி உயரப் பை ஒன்றின் அடியில் தொங்குகிறாள். பையில் இருக்கும் ஹைட்ரஜன் மெல்ல ஆறிக்கொண்டு வருகிறது. அம்மாவை நினைத்துக்கொள்வது மட்டும் பழைய கதையிலிருந்து அப்படியே இருக்கிறது. அவளைக் கடந்து ஏதோ ஒன்று போகிறது, அது உயிரா மேகமா என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததால் விளக்கை அணைத்துவிட்டு வழி விடுகிறாள்.

அடுத்த சந்திப்பில் படித்துக் காட்டப்போகிறேன். தம்பி கையைத் தூக்குவார், தெரியும். இந்தத் தடவை “எதுமேல?” என்று கேட்காமல் “எவ்வளவு உயரத்துல?” என்று கேட்டால், கதை ஓரளவு தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.